எங்களைத் துரத்திய படகை உடைக்க வேண்டாம்

போர்க்காலத்தில் கடற்படை ஓட்டிய அந்த இரண்டு ரோந்துப் படகுகளையும் ஏலத்தில் விட முடிவெடுத்த அலுவலகத்தாருக்கும், வடக்கில் பண்பாடு, மரபுரிமை என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிற எல்லாருக்கும்,

போன கிழமை சங்கக் கடைக்கு அரிசி வாங்கப் போன இடத்தில் உங்கள் அறிவித்தலைப் பார்த்தேன். "பாவனைக்கு உதவாத பொருட்கள்" என்று தலைப்பு. உடைந்த கதிரைகள், தண்ணீர்ப் பம்பி இரண்டு, சில்லில்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "படகு உடல் – 02, நிறை அடிப்படையில்." எந்தப் படகு, எத்தனை அடி, எந்த வருடத்தது என்று ஒரு சொல் இல்லை. நான் நாற்பத்தைந்து வருடமாகப் படகோடு புழங்குகிறவன். படகை அடியில் அளப்பார்கள், இஞ்சினைக் குதிரைவலுவில் சொல்வார்கள், எத்தனை பேர் போகலாம், எத்தனை துண்டு வலை ஏற்றலாம் என்று கேட்பார்கள். கிலோக் கணக்கில் நிறுத்து விற்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நான் காரைநகர் ஆள். பதினேழு வயதில் சீநோர் படகுத் தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தேன். நோர்வேக்காரரின் உதவியோடு அறுபதுகளின் கடைசியில் தொடங்கியது அது. இந்தக் கரையில் பைபர் வேலை தெரிந்த பழைய கைகளை விசாரித்துப் பார்த்தால் பாதிப் பேர் அங்கே றெசின் கலக்கிப் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். சண்டையில் அது போனது, நாங்களும் ஊரை விட்டுப் போனோம், திரும்பி வந்தோம், இப்போது சொந்தமாகப் படகு திருத்துகிறேன். இதைச் சொல்வது என் பெருமைக்கு இல்லை. நான் சொல்லப்போகிற சில விசயங்கள் தொழில் சம்பந்தமானவை, யாரோ வழிப்போக்கன் உளறுகிறான் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காக.

நீங்கள் விற்கப்போகிற படகுகள் இரண்டும் துறைக்குப் பக்கத்து வளவில், பூவரச மரத்துக்குக் கீழே கிடக்கின்றன. ஊர்காவற்றுறைக்குப் போகிற பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவையில், ஏற நிற்கிற எவருக்கும் பெரியதின் மூக்கு மதிலுக்கு மேலால் தெரியும். பெரியது அலுமினிய உடல். சின்னது பைபர், என் காலடிக் கணக்கில் முப்பத்தெட்டு அடி. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், டோரா. உண்மையில் டோரா என்பது எழுபதடிக்குக் குறையாத பெரிய படகு. இஸ்ரேல்காரன் வைத்த பெயர் டுவோரா, எபிரேய மொழியில் தேனீயாம். எங்கள் வாயில் அது டோராவாகி, பிறகு கடலில் சாம்பல் நிறத்தில் எது ஓடினாலும் டோரா என்றாகிவிட்டது. பிள்ளைகளைச் சாப்பிட வைக்க "டோரா வருது" என்று வெருட்டிய தாய்மாரை எனக்குத் தெரியும். இப்போது அதே பெயரில் கார்ட்டூன் பார்க்கிற பேரப்பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த முடியாது, அது வேறு கதை.

பெரியது போனாலும் ஆறிவிடுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதைப் பற்றித்தான் எனக்குக் கதைக்க வேண்டும்.

அது வாட்டர்ஜெட் படகு. தண்ணீருக்குள் சுழன்று தள்ளுகிற காற்றாடி கிடையாது. அடிப்பக்கத்தில் ஒரு கம்பிச் சல்லடை, அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சி, பின்பக்கம் இரண்டு குழாய் வாயால் பீச்சி அடிக்கும். அந்த உந்தலில்தான் படகு ஓடும். திருப்புவதும் அந்த வாயைத் திருப்பித்தான். அடியில் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காததால் இடுப்பளவு தண்ணீரிலும் பறக்கும். அதாவது, ஆழ்கடலுக்கென்று தேவைப்பட்ட படகே இல்லை அது. எங்கள் பரவைக் கடலுக்கும் கடல்நீரேரிக்கும் தோதான படகு. இந்தக் கடலுக்குள் யார் இருந்தார்கள், எதற்காக அங்கே ரோந்து தேவைப்பட்டது என்பது உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும். தாண்டாதவர்களுக்காக எழுதுகிறேன்.

1991 கடைசியில் பூநகரியும் படையினர் கைக்குப் போனபின் குடாநாட்டுச் சனத்துக்கு வெளியே போகக் கடைசியில் மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி வழி ஒன்றுதான். ஆனையிறவு பூட்டு, சங்குப்பிட்டி பூட்டு. அக்கரையில் நாகதேவன்துறையில் கடற்படைத் தளம். ஆசுபத்திரிக்குப் போகிறவர், பரீட்சை எழுதப் போகிறவர், கொழும்பில் கலியாணம் கட்டப் போகிறவர், எல்லாரும் இரவில் வள்ளம் ஏறித்தான் போனார்கள். 1993 ஆவணியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக நானும் போனேன். மூன்று வயது மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அவளும் மடியில். முன்னால் ஒரு இஞ்சின் வள்ளம், அதன் பின்னால் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவிய ஐந்து வள்ளங்கள், நாங்கள் மூன்றாவதில். பெற்றோல் கிடையாத காலம், ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுகிற இஞ்சின் கிழவன் போல இருமிக்கொண்டே போகும். பாதி வழியில் ஓட்டி அதை நிறுத்தினார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

முதலில் தண்ணீர் வள்ளத்தில் தட்டுகிற சத்தம் மட்டும்தான். அப்புறம் தெற்கிலிருந்து ஒன்று கேட்டது. நான் இஞ்சின்களோடு வளர்ந்தவன், காற்றாடி இஞ்சின் என்றால் தண்ணீரில் ஒரு அடி இருக்கும், குத்துக் குத்தாகக் கேட்கும். இதில் அந்தக் குத்து இல்லை. பெற்றோமக்சுக்குக் காற்றடிக்கும்போது வருமே ஒரு சீறல், அது அறுபடாமல், அரை மைலுக்கு அப்பாலிருந்து. ஜெட் என்று எனக்கு விளங்கிவிட்டது, விளங்கி என்ன செய்ய? அம்மா முந்தானையைச் சுருட்டி மகளின் வாயோடு அணைத்துப் பிடித்தார். வெளிச்சம் ஒன்று தண்ணீருக்கு மேலால் மெதுவாக வந்து, எங்களுக்கு முன்னால் ஒரு இருநூறு யார் தூரம் தள்ளி நின்று, பிறகு வேறு பக்கம் திரும்பியது. சீறல் குறைந்து குறைந்து போனது. அதற்குப் பிறகும் நெடுநேரம் ஓட்டி இஞ்சினைக் கிளப்பவில்லை.

அன்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதே வருடத் தொடக்கத்தில் அதே கடலில் வந்த சனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், நான் விரித்து எழுதப்போவதில்லை.

இருபத்தெட்டு வருடம் கழித்து, மதில் உடைந்திருந்த ஒரு நாள் அந்த வளவுக்குள் போனேன். அனுமதி எடுக்கவில்லை, வேண்டுமென்றால் வழக்குப் போடுங்கள். நேரே பின்பக்கம் போய் அந்தக் குழாய் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் போனது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. விளிம்பில் சாம்பல் பெயின்ற் கழன்று அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு சாம்பல். வலப்பக்க உடலில் நாலு இடத்தில் சூட்டு ஓட்டை அடைத்த தடம் இருக்கிறது. இரண்டு ஓட்டையை ஆறுதலாக, உள்ளேயிருந்து பைபர்ப் பாயை அடுக்கடுக்காக வைத்து, ஓரத்தைத் தேய்த்து ஒழுங்காக அடைத்திருக்கிறார்கள், அது பட்டறை வேலை. மற்ற இரண்டும் அவசரத்தில் பூசியது, விரல் தடம்கூட அப்படியே உறைந்திருக்கிறது. கடலில் வைத்துத்தான் பூசியிருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே வரவர. என் சுண்டுவிரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தேன், என் விரலைவிடச் சின்னது. தெற்கில் எங்கோ ஒரு ஊரிலிருந்து வந்த ஒரு பெடியனுடைய விரலாக இருக்கும். அவனும் அந்த இரவில் பயந்துபோய்த்தான் பூசியிருப்பான்.

இதைத்தான் நீங்கள் நிறுத்து விற்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் அறிவித்தலைக் கண்ட பிறகு நாலு அலுவலகங்களுக்கு அலைந்தேன். பெயர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும். முதலாவது இடத்தில் "இது தொல்பொருள் இல்லை, 1815-க்கு முந்தியதென்றால் கொண்டுவாருங்கள்" என்றார்கள். ஐயா, வாட்டர்ஜெட் 1815-இல் எப்படி வரும்? இரண்டாவது இடத்தில் படகு என்றால் கடற்றொழில் பக்கம் கேளுங்கள் என்றார்கள். கடற்றொழில் பக்கம் கேட்டால் இது மீன்பிடிப் படகு இல்லையே என்கிறார்கள், அதுவும் சரிதான். கடைசியில் உங்கள் அலுவலகத்திலேயே ஒரு தம்பி இருந்தார், மரியாதையான பிள்ளை, கதிரை தந்து இருக்கச் சொன்னார், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஐயா, குறை நினைக்காதேங்கோ, இதெல்லாம் எங்களைச் சுட்ட படகு. இதை உடைச்சா உங்களுக்கு ஏன் நோகுது?" என்றார்.

அந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்டார்கள், பாதையிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்களைச் சுட்ட படகு என்பதால்தான் வைத்திருக்கச் சொல்கிறேன், தம்பி. நாங்கள் பயந்து கிடந்ததற்கு எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு என்ன சாட்சி மிச்சம் இருக்கிறது? கிளாலிக் கரையில் இன்றைக்குப் போய் நின்றால் கடல் இருக்கிறது, கொக்கு நிற்கிறது. என் மகளுக்கு அந்த இரவு ஞாபகமில்லை. அவளுக்கு நான் சொல்கிற கதை கொஞ்சம் கூடிப்போனது என்றுதான் நினைப்பாள், "அப்பாவின்ர டோராக் கதை" என்று சிரிப்பாள். அந்தக் குழாய் வாயையும் அதற்குப் பக்கத்தில் ஐந்தாறு பேர் குந்தியிருந்த ஒரு வள்ளத்தையும் அருகருகே வைத்தால் நான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். போர்ப் பொருளை வைத்துக் காட்டுவது இந்த நாட்டுக்குத் தெரியாத வேலை இல்லை. ஏ9 வீதியில் ஆனையிறவில் 1991 சண்டையில் வந்த கவச புல்டோசர் மேடை கட்டி நிற்கிறது. கிளிநொச்சியில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியைப் பல வருடம் அப்படியே போட்டுக் காட்டினார்கள், பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து படமெடுத்தார்கள். அவையெல்லாம் வென்றவர் கதை சொல்ல நிற்கிறவை. பாதுகாக்கச் சொல்லப்போய், நாளைக்கு இந்தப் படகுக்கும் பளபளவென்று பெயின்ற் அடித்து, கொடி கட்டி, பூச்சட்டி வைத்து நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கும் கலக்கம்தான். அப்படியென்றால் உடைத்தே போடுங்கள். ஆனால் அந்த ஒரு வழி மட்டும்தான் இருக்கிறது என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் வேறு விதமாகவும் வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் இப்போது பொஸ்ரன் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனபோது, எனக்கு இரண்டு இடம் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒன்று குளோஸ்ரர் துறைமுகம். வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி 1938-இல் போய்ச் சேர்ந்த இடம் அது. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயரை மாற்றி, எங்கள் ஆட்களே பாய் இழுத்து அத்திலாந்திக்கைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த பாய்க்கப்பல். அங்கே காற்று அறைகிற கரையில் ஒரு கோப்பியோடு கொஞ்ச நேரம் நின்றேன். மகளுக்குக் குளிர், கெதியாக வரச் சொன்னாள்.

மற்றது போல் ரிவர் என்கிற ஊர். அங்கே பழைய போர்க்கப்பல்களுக்கு நடுவில் இரண்டு பி.ரி. படகுகளை வைத்திருக்கிறார்கள், பி.ரி. 617, பி.ரி. 796. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய மரத்தாலான வேகப் படகுகள். முதலாவது எண்பதடி, மற்றது எழுபத்தெட்டடி, மூன்று மூன்று பக்கார்ட் பெற்றோல் இஞ்சின். அந்தப் போருக்கென்று இப்படி ஐந்நூறுக்கு மேல் கட்டினார்கள். போர் முடிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1945 கடைசியில் பிலிப்பைன்சின் சமார் தீவுக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளைக் கழற்றக்கூடியதைக் கழற்றிவிட்டுக் கொளுத்தினார்கள். ஊருக்குக் கொண்டுபோகிற செலவு கட்டாது, பாவனைக்கு உதவாது. உங்கள் அறிவித்தலில் உள்ள அதே சொல்தான், மொழி மட்டும் வேறு. அப்புறம் காலம் போக, அந்தப் படகுகளில் ஓடிய பழைய ஆட்கள் தாங்களே சங்கம் சேர்ந்து, எங்கே எது மிச்சமிருக்கிறதென்று தேடித் திரிந்து இந்த இரண்டையும் மீட்டார்கள். இன்னொரு படகு, பி.ரி. 305, சிப்பி அள்ளுகிற படகாக மாறிவிட்டிருந்தது, பின்பக்கத்தில் பத்தடிக்கு மேல் வெட்டிக் குறைத்தும் விட்டார்கள். அதை நியூ ஓர்லியன்ஸில் தொண்டர்கள் பத்து வருடத்துக்குக் கிட்ட இருந்து திரும்பக் கட்டி, 2017-இல் சனத்தை ஏற்றி ஓட விட்டார்கள். இங்கிலாந்தில் எம்.ரி.பி. 102 என்று ஒன்று, 1937-இல் கட்டியது, அதே போரில் டன்கேர்க் கரையிலிருந்து படையினரை மீட்க ஓடிய படகு, இன்றும் ஓடுகிறது. எல்லாம் கொளுத்தாமல் விட்ட மிச்சம்.

நான் அந்த 617-க்குக் கீழே குந்தியிருந்து பார்த்தது அதன் துப்பாக்கிகளை இல்லை. அதைத் தாங்கி நிறுத்தியிருக்கும் விதத்தை. படகின் விலா எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே தாங்கு கொடுத்து, நிறையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேலே கூரை, மழை இல்லை, வெயில் இல்லை. காவலுக்கு நின்ற பெரியவர் என்னை எந்த ஊரென்று கேட்டார். சிறிலங்கா, ரோந்துப் படகு எல்லாம் எனக்கும் பழக்கம், ஆனால் வெளியில் இருந்து, என்றேன். அவர் சிரிக்கவில்லை. கயிற்றைக் கழற்றி உள்ளே ஏற விட்டார்.

சரி, நம்முடைய படகுக்கு வருகிறேன். இப்போது அது எப்படிக் கிடக்கிறது? இரண்டு பழைய தார்ப் பீப்பாவில், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஒரு தாங்கும் இல்லை. இப்படியே விட்டால் நடு உடல் தொய்ந்து மேல்தளத்தில் வெடிப்பு விழும், ஏற்கெனவே இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழையாக விழுந்திருக்கிறது. மேலே நீலப் படங்கு ஒன்றை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கட்டியிருப்பீர்கள், ஆனால் அதுதான் அதற்கு எமன். உள்ளே காற்று ஓடாது, புழுக்கம், ஈரம் வெளியே போக வழியில்லை. பைபர் உக்காது என்று சனம் நினைக்கிறது. பைபருக்குள் மரம் இருக்கிறது, தளத்துக்குக் கீழே, இஞ்சின் படுக்கைக்குள். அது ஊறி உக்கும். ஜெட்டின் உடல் அலுமினியம், அதில் இரும்பு ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் மாவாகக் கொட்டும். பெரிய படகில் அப்படிக் கொட்டத் தொடங்கிவிட்டது, ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி. கையால் தட்டிப் பாருங்கள்.

விற்றால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். 2022 பெப்ரவரியில் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் 105-ஐ ஏலம் விடுவதாக அறிவித்தார்களே, அதில் 65 எங்கள் காரைநகரில். பார்க்கப் போயிருந்தேன். வாங்க வந்தவர்கள் பாதிப் பேர் படகைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, எத்தனை அந்தர் விறகு, இஞ்சின் இரும்பு எவ்வளவு என்றுதான் கணக்குப் போட்டார்கள். இந்தச் சின்னப் படகில் விலைபோவது இரண்டு ஜெட் மட்டும். இஞ்சின்களை முன்னரே யாரோ கொண்டுபோய்விட்டார்கள். ஜெட்டைக் கழற்றினால் மிச்ச உடல் ஒருவருக்கும் வேண்டாம். வளவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு நெருப்பு வைப்பார்கள். பைபர் எரிகிற கரும்புகையைச் சுவாசித்தவன் நான், அந்தப் பக்கத்தில் முன்பள்ளி ஒன்றும் இருக்கிறது. இல்லாவிட்டால் கடலில் தாழ்த்துவோம், மீன் தங்கும் என்று ஒருவர் சொன்னாராம், 2021-இல் நெடுந்தீவுப் பக்கம் பழைய பஸ்களை இறக்கியது போல. பஸ் நூறு இருக்கிறது. இது ஒன்றுதான் இருக்கிறது.

இதோடு சேர்த்துக் குமுதினியையும் ஞாபகப்படுத்துகிறேன். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படகில் குழந்தைகளும் பெண்களுமாகச் சனம் கொல்லப்பட்டது. அந்தப் படகைத் தூக்கிப்போடவில்லை, திரும்பவும் கழுவி, திருத்தி, அதே சனத்தை ஏற்றி எத்தனையோ வருடம் ஓடியது. நான் அதில் போயிருக்கிறேன். உள்ளே இறங்கும்போது வயதான ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள். அது ஓட முடியாமல் கரையேறுகிற நாளில் அதற்கும் ஒரு "நிறை அடிப்படையில்" அறிவித்தல் ஒட்டுவீர்களா?

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் ஏலப் பட்டியலில் இருந்து அந்த வரியை வெட்டுங்கள். அறிவித்தலில் உள்ள திகதிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. வெட்டியதை எழுத்தில், அதே சங்கக் கடைப் பலகையில் ஒட்டுங்கள். பெரியதை ஆராய்ந்து பார்த்து வைத்திருக்க முடியாது என்று வந்தால், படமெடுத்து அளவெடுத்துப் பதிந்த பிறகு விடுங்கள், அதற்கு நான் மறிக்கமாட்டேன். சின்னதை விட வேண்டாம்.

இரண்டு படகுகளின் பதிவேட்டையும், எங்கே கட்டியது, எந்த வருடம் எந்தக் கடலில் ஓடியது, எப்போது கரையேற்றியது என்பதையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அது உங்களால் முடியும், என்னால் முடியாது.

வேலையை எங்களிடம் தாருங்கள். சீநோரில் வேலை செய்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் கை நடுங்காமல் இருக்கிறோம், கூலி வேண்டாம். ஓட வைக்கக் கேட்கவில்லை, அதற்குக் காசும் இல்லை, தேவையும் இல்லை. வேம்புக் குற்றியில் ஏழு எட்டுத் தாங்கு, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவல், இரும்பையும் அலுமினியத்தையும் பிரித்து வைப்பது, உக்கிய மரத்தை மட்டும் மாற்றுவது. பனந்தீராந்தி போட்டுத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, நாலு பக்கமும் திறந்தபடி. தீராந்தியும் தகரமும் நீங்கள் தாருங்கள். பெயின்ற் அடிக்கக் கூடாது. அந்த நாலு ஓட்டைத் தடத்தையும், முக்கியமாக அந்த விரல் தடத்தை, யாரும் தேய்க்கக் கூடாது. இதை எழுதித் தர வேண்டும்.

கொட்டகை பாதை துறைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், சனம் காத்து நிற்கிற இடம் அது. முகாம் வாசலுக்குள் வேண்டாம். பக்கத்தில் கிளாலியில் ஓடிய ஒரு வள்ளம் வைக்க வேண்டும். வள்ளம் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார், பெயரை நேரில் சொல்கிறேன். பலகையில் எழுதப்போவதைத் தமிழில் முதலில் எழுதி, அந்தக் கடலைக் கடந்தவர்களைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் சரி என்ற பிறகு சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போங்கள். அந்தப் படகில் வேலை செய்த தெற்குப் பெடியள் இப்போது என் வயதை நெருங்கியிருப்பார்கள். அவர்களில் யாராவது வந்து தங்கள் பங்கைச் சொல்ல விரும்பினால் அதையும் எழுதுங்கள், நான் இருந்து கேட்பேன். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பிள்ளைகளை விட்டுப் பதிய வையுங்கள், ஓட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வரிசையை இழுத்த ஓட்டி போன வருடம் செத்துப்போனார்.

இதற்கெல்லாம் கூட்டம் கூட வேண்டும், கடிதம் போக வேண்டும், காலமெடுக்கும் என்று தெரியும். ஒன்றுக்கு மட்டும் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. மாரி தொடங்கிவிட்டது. அந்தப் படங்குக்குக் கீழே, இஞ்சின் அறையில், முந்தநாள் பார்த்தபோது முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பின்பக்கம், இடது ஜெட்டுக்குக் கீழே, தண்ணீர் வடிய விடுகிற ஒரு அடைப்பு இருக்கிறது, பித்தளை, இறுகிப்போய் இருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் திருகினால் கழரும். காவலுக்கு நிற்கிறவரிடம் சொல்லி நாளைக் காலையே அதைக் கழற்ற வையுங்கள். அவரால் முடியாவிட்டால் என்னை உள்ளே விடச் சொல்லுங்கள், அதைத் திருகுகிற சாவி என்னிடம் இருக்கிறது.

காரைநகரிலிருந்து,
ஒரு பழைய சீநோர்த் தொழிலாளி